‘36த் சேம்பர்’ ஏன் இன்னும் ஓடுகிறது?

கேள்வி இது: “‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ படத்தை ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே, பார்த்தால் சண்டை மெதுவாக இருக்கிறது, சத்தம் சிரிப்பை வரவழைக்கிறது, கதையும் பழைய பழிவாங்கும் கதை. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?”

குறையாகச் சொன்னது எல்லாம் சரிதான். 1978-இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் படநிறுவனம் எடுத்த படம். ஏறத்தாழ 115 நிமிடம் ஓடும். கதை நடக்கும் ஷாவோலின் கோயிலில் பாதி ஸ்டூடியோவுக்குள் போட்ட செட் என்று முகத்திலேயே எழுதியிருக்கும். ஆனால் அந்தப் படத்தின் நடுவில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கதாநாயகன் எந்த எதிரியையும் அடிப்பதில்லை. கற்றுக்கொள்கிறான், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரம்தான் படத்தை இத்தனை காலம் தாங்கி நிற்கிறது. முன்னால் வரும் கொடுமையும் பின்னால் வரும் பழிவாங்கலும் அதைச் சுற்றிப் போட்ட மரச்சட்டம் மாதிரிதான்.

கதையைச் சுருக்கிவிடலாம். வெளியிலிருந்து வந்த மஞ்சு இனத்தார் சீனாவை ஆண்ட காலம், தென்சீனத்தின் கான்டன் நகரம். லியு யூ-தே என்ற மாணவன், தன் ஆசிரியரோடும் நண்பர்களோடும் சேர்ந்து ஆட்சிக்கு எதிரான ரகசிய வேலையில் இறங்குகிறான். விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது. ஜெனரல் தியென் தா ஆட்களை ஏவி எல்லாரையும் ஒழித்துக்கட்டுகிறான். காயத்தோடு தப்பிய பையன், காய்கறி ஏற்றிப்போகும் வண்டியில் ஒளிந்து, குங்ஃபூவுக்குப் பேர்போன ஷாவோலின் என்ற பௌத்தக் கோயிலுக்குள் போய்ச் சேர்கிறான். குங்ஃபூ கற்க வந்தவனின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து ஒரு வருடம் பெருக்க விடுகிறார்கள். பிறகுதான் பயிற்சி அறைகள் (‘சேம்பர்’) திறக்கின்றன. கோயிலில் அவனுடைய துறவிப் பெயர் சான் தே. சான் தே தென்சீன ஷாவோலின் கதைகளில் பழைய பெயர். படம் அந்த வாய்மொழி மரபை எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு வளர்க்கிறது, அதனால் இதை வரலாறு என்று எண்ணிப் பார்க்க வேண்டாம்.

மொத்தம் 35 அறைகள். எந்த அறையில் தொடங்குகிறாய் என்று கேட்டால் பையன் உச்சத்தில் இருப்பதைக் கேட்கிறான். அங்கே யாரும் குத்துவதும் இல்லை, உதைப்பதும் இல்லை. மூத்த துறவிகள் உட்கார்ந்து சூத்திரம் ஓதுகிறார்கள். உள்ளே போனவனைத் தொடாமலேயே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். படத்தில் நம்ப முடியாத மாயம் என்று சொன்னால் இது ஒன்றுதான், அதையும் சீக்கிரமே முடித்துவிடுகிறார்கள். அவமானப்பட்டவன் கீழே இறங்கி முதல் அறையிலிருந்து ஆரம்பிக்கிறான். ஏணியின் உச்சி எங்கே இருக்கிறது என்று முதலிலேயே காட்டிவிட்டு, அப்புறம் கடைசிப் படியில் கொண்டுவந்து நிறுத்துவது திரைக்கதையில் எளிய வேலை மாதிரி தெரியும். நி குவாங் எழுதிய இந்தத் திரைக்கதையில் இதுதான் முக்கியமான கணக்கு. இனி எந்த அறையில் அவன் திணறினாலும், இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்பது பார்ப்பவருக்கும் தெரியும்.

முதல் அறை சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழி. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தண்ணீரில் ஒரு மரக்கட்டு மிதக்கிறது. அதில் கால் வைத்துத் தாவி அந்தப் பக்கம் போனால் சோறு. எடை முழுவதையும் ஒரே காலில் வைத்து நின்றால் கட்டு முங்கும். தயங்கினாலும் முங்கும். அழுத்தாமல், நிற்காமல், அடுத்த கால் ஏற்கெனவே காற்றில் இருக்கும்படி போக வேண்டும். விழுந்தவன் சொட்டச் சொட்ட நிற்க, மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, யாரும் அவனுக்கு விளக்கம் சொல்வதில்லை. விழுகிறான், மற்றவன் எப்படிப் போகிறான் என்று பார்க்கிறான், மறுபடி விழுகிறான், ஆள் இல்லாத நேரத்தில் தனியாக வந்து முயல்கிறான். கேமராவும் அவசரப்படவில்லை. அவன் கண்டுபிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நமக்கும் விடை பிடிபட்டுவிடுகிறது. ஒரு சண்டைப் படம் பார்ப்பவரை இந்த அளவுக்கு மதிப்பது அரிது.

அடுத்தது தண்ணீர் வாளி. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி, ஒவ்வொரு கையிலும் ஒரு வாளித் தண்ணீரோடு சரிவில் ஏறிப் போய்க் கொட்ட வேண்டும். மேல்கையில் கத்தி கட்டியிருக்கும், முனை விலாவைப் பார்த்தபடி. கை இறங்கினால் கத்தி குத்தும். கொடூரமான கருவிதான், ஆனால் மிகத் துல்லியமானது. கையை நீட்டிப் பிடிக்கும்போது தோள்பட்டைத் தசை அசையாமல் சுருங்கியபடியே இருக்கிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, வெறுங்கையை நீட்டினாலும் சில நிமிடங்களில் எரிச்சல் தொடங்கிவிடும். களைத்ததும் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, தோளைக் காதுப் பக்கம் தூக்கி, கழுத்தால் பாரத்தைத் தாங்குவது. கத்தி அந்தத் தப்பை உடனே காட்டிக் கொடுத்துவிடுகிறது. பின்னாலிருந்து திட்டும் வாத்தியார் தேவையில்லை, கருவியே வாத்தியார். கோயிலின் எல்லா அறைகளுக்கும் இதே விதிதான்.

மணிக்கட்டு அறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நீண்ட கம்பின் முனையில் கனமான சுத்தி. கம்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ஒரு துறவி கொடுக்கும் தாளத்துக்கு ஏற்ப மணியை அடிக்க வேண்டும். எடை பெரிய விஷயம் இல்லை, தூரம்தான் ஆளைக் கொல்லும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 2 கிலோ எடையை 2 மீட்டர் கம்பின் நுனியில் தாங்குவது, அதே மணிக்கட்டுக்கு 20 செ.மீ. தூரத்தில் 20 கிலோவைத் தாங்குவதற்குச் சமம் (கம்பின் சொந்த எடை தனி). சான் தே முதலில் தோளாலும் இடுப்பாலும் தூக்கப் பார்க்கிறான். தூக்கிவிடலாம், தாளத்துக்கு அடிக்க முடியாது. அடி தாமதமாக விழும், அல்லது மணியைத் தாண்டிப் போகும். பலம், நேரம், குறி மூன்றும் ஒன்றாக வந்தால்தான் மணி ஒழுங்காக ஒலிக்கும். கம்பு வீசிப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று புரியும். கம்பை நிறுத்துவதுதான் கஷ்டம், சுழற்றுவது இல்லை.

கண்ணுக்கு ஒரு அறை. முகத்தின் இரண்டு பக்கமும் எரியும் பெரிய ஊதுவத்திகள், முன்னே ஆடும் விளக்கு. தலையைத் திருப்பாமல் விழியை மட்டும் ஓட்ட வேண்டும், தலை அசைந்தால் கன்னம் சுடும். தலைக்கு ஒரு அறை. வரிசையாகத் தொங்கும் மணல் மூட்டைகளைத் தலையால் முட்டிக்கொண்டு முன்னேற வேண்டும். இவற்றுக்குப் பிறகு கால், கை, கம்பு, வாள் என்று படம் வேகமெடுக்கிறது. 35 அறைகளையும் காட்டவில்லை, காட்டியிருந்தால் தாங்காது. முதல் சில அறைகளில் நன்றாக உட்கார வைத்துவிட்டதால், மீதியை அரைகுறையாகக் காட்டினாலும் நம் மனசு நிரப்பிக்கொள்கிறது.

இதை நம் படங்களில் ‘ஒரே பாட்டில்’ முன்னேறும் கதாநாயகனோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பாட்டு முடிவை மட்டும் சொல்கிறது. ஹாலிவுட்டிலும் அதே கதைதான். 1976-இல் வந்த ‘ராக்கி’யின் பயிற்சிக் காட்சி சில நிமிடப் பாட்டு, அதற்குப் பின் வந்த விளையாட்டுப் படங்கள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டன. ‘36த் சேம்பர்’ பயிற்சியைச் சுருக்க மறுத்தது. ஒவ்வொரு அறையும் ஒரு சிறுகதை போல இருக்கிறது: ஒரு சிக்கல், ஒரு கருவி, இரண்டு மூன்று தோல்வி, ஒரு யுக்தி, ஒரு தேர்வு. ஒன்றில் தேறினால்தான் அடுத்த கதவு. வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு இந்த அமைப்பு எங்கேயோ பார்த்ததாகத் தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

இதையெல்லாம் இவ்வளவு உறுதியாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம் இயக்குநர் லாவ் கார்-லியுங். அவர் சண்டை அமைப்பைப் புத்தகத்தில் படித்தவர் இல்லை. தென்சீனத்தின் ஹுங் கார் என்ற குங்ஃபூ பாணி அவர் வீட்டுச் சொத்து. அப்பா லாவ் சாம், லாம் சாய்-விங்கின் சீடர். லாம் சாய்-விங், வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர். ஜெட் லி நடித்த ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா’வில் வரும் அதே வோங் ஃபெய்-ஹுங்தான், 1847 முதல் 1925 வரை வாழ்ந்த உண்மையான மனிதர். அதாவது லாவின் பரம்பரை மூன்றே படியில் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். லாவ் பல ஆண்டுகள் இயக்குநர் சாங் செயின் படங்களுக்கு டாங் காய் என்பவரோடு சேர்ந்து சண்டை அமைத்துவிட்டு, 1975-இல் ‘தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்’ மூலம் தானே இயக்க வந்தார்.

அந்தக் காலகட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1973 ஜூலையில் புரூஸ் லீ போய்விட்டார். ஹாங்காங் முழுக்க அவரைப் போல மூக்கைத் தேய்த்துக்கொண்டு கத்தும் போலிகள். சாங் செயின் படங்களில் ரத்தமும் வீர மரணமும். லாவ் இந்த இரண்டு பக்கமும் போகாமல், ‘இந்தக் கலையை ஒருவன் எப்படிக் கற்கிறான், கற்றபின் என்ன செய்ய வேண்டும்’ என்ற பழைய கேள்விக்குப் போனார். கதாநாயகனாக கோர்டன் லியுவைப் போட்டார். லாவ் குடும்பம் வளர்த்த பிள்ளை அவர், அதனால்தான் சீனத்தில் லாவ் கார்-ஃபாய் என்று குடும்பப் பெயரோடு இருக்கிறது, ரத்த உறவு கிடையாது. மலைபோல் உடம்பு இல்லை. ஆனால் தாழ நின்றால் அந்த நிலை ஆடாது. டைட்டில் ஓடும்போது முன்கைகளில் இரும்பு வளையங்கள் மாட்டிக்கொண்டு அவர் செய்யும் ஆட்டத்தைத் தள்ளிவிடாமல் பாருங்கள். வளையம் ஹுங் காரின் ‘இரும்புக் கம்பி’ என்ற பயிற்சி வரிசைக்கு உரியது. முதல் நிமிடத்திலேயே ‘இந்த ஆளுக்கு வேலை தெரியும்’ என்று படம் அத்தாட்சி காட்டிவிடுகிறது.

இப்போது ‘சண்டை மெதுவாக இருக்கிறது’ என்ற புகாருக்கு வருவோம். இன்றைய படங்களில் ஒரு அடிக்கு ஒரு எடிட்டிங் வெட்டு, சில நேரம் இரண்டு. கேமரா ஆளின் முகத்தருகே இருக்கும், அடி விழுந்ததா என்பது சத்தத்தில்தான் தெரியும். லாவின் படத்தில் இருவரும் தலை முதல் கால் வரை ஃபிரேமுக்குள் இருப்பார்கள், ஒரே ஷாட்டில் பல அடிகள் தொடர்ச்சியாகப் போகும். சீன நாடக மேடையின் தாள வாத்திய மரபு இதன் அடியில் இருக்கிறது: மூன்று நான்கு அசைவு விரைவாக, பிறகு ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் இருவரின் நிலையையும் நாம் பார்த்துக்கொள்ளலாம், யார் கை மேலே, யார் கால் பின்னால் என்று. மெதுவாகத் தெரிவது பெரும்பாலும் இந்த நிறுத்தங்கள்தான். அவற்றைப் படிக்கத் தெரிந்துவிட்டால் சண்டை ஒரு வாக்குவாதம் போல் கேட்கும். ஒருவன் கேட்கிறான், மற்றவன் பதில் சொல்கிறான், பதிலில் ஓட்டை இருந்தால் அடி வாங்குகிறான்.

அந்தக் காலத்தில் சண்டையை வேகமாகக் காட்ட ஒரு தந்திரம் வழக்கத்தில் இருந்தது. நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதிலாக 22 ஃபிரேமில் எடுத்தால், திரையில் ஓட்டும்போது சுமார் 9 சதவீதம் வேகம் கூடும், 20-இல் எடுத்தால் 20 சதவீதம். அளவு மீறினால் குட்டு உடைந்துவிடும். ஆளின் கையைப் பார்த்தால் தெரியாது, அவன் சட்டை மடிப்பையும் கீழே கிளம்பும் தூசியையும் பாருங்கள், அவை பொம்மைப்படம் மாதிரி துடிக்கும். சத்தத்துக்கும் காரணம் உண்டு. அக்கால ஹாங்காங் படங்களைப் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்வதில்லை. வசனம், அடி, காற்றை வெட்டும் ஓசை எல்லாம் பிறகு சேர்த்தவை. ஒரே சேமிப்பிலிருந்து எடுத்த ஓசை படத்துக்குப் படம் வந்துகொண்டே இருந்தது. இதற்குப் பழகிவிட வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

படத்தின் சிறந்த சண்டை வில்லனோடு நடப்பதில்லை, கோயிலுக்குள்ளேயே நடக்கிறது. எல்லா அறைகளையும் முடித்த சான் தேவுக்கு ஒரு அறையின் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று தலைமைத் துறவி நினைக்கிறார். ஒழுங்கு காக்கும் மூத்த துறவி மறுக்கிறார்: என்னை ஜெயித்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும். அந்த வேடத்தில் லீ ஹோய்-சான். கையில் இரண்டு குட்டைக் கத்திகள். முதல் மோதலில் சான் தே தோற்கிறான். இரண்டாவதிலும் தோற்கிறான். இங்கே திரைக்கதை ஒரு வேலை செய்கிறது. இன்னும் கடினமாகப் பயிற்சி செய்து வா என்று அவனை அனுப்பவில்லை. அவனிடம் பலம் குறைவில்லை, ஆயுதம்தான் பொருந்தவில்லை.

காரணம் எளிமையானது. குட்டைக் கத்தி எட்டாது, ஆனால் இரண்டு இருக்கிறது. ஒன்று தடுக்கும், அதே நேரத்தில் மற்றது உள்ளே வரும். நீண்ட கம்பு தூரத்தில் ராஜா, கத்திக்காரன் ஒரு முறை உள்ளே புகுந்துவிட்டால் அந்த நீளமே பாரம். அப்போதுதான் மூங்கில் தோப்பில் சான் தேவுக்கு ஒரு யோசனை வருகிறது: கம்பை மூன்றாகப் பிரித்து இணைத்தால்? அதுதான் முத்துண்டுக் கம்பு. ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ இரண்டடி நீளம், நடுவே சங்கிலி அல்லது வளையம். இரு ஓரங்களையும் பிடித்தால் இரண்டு குட்டைக் கம்பு, நடுத் துண்டு கேடயம். ஒரு ஓரத்தை விட்டு வீசினால் திடீரென ஆறடி நீளம். கத்தி உள்ளே வந்தால் இரண்டு கத்திகளுக்கும் இரண்டு துண்டுகள் பதில் சொல்லும், மடிந்த மூட்டில் மணிக்கட்டைச் சிக்கவைத்துப் பிடிக்கவும் முடியும். மூன்றாவது மோதலில் இதெல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது, ஒவ்வொன்றும் முந்தைய தோல்விகளில் விழுந்த ஒரு குறிப்பிட்ட ஓட்டையை அடைக்கிறது. முதல் இரண்டு மோதல்களைக் கவனமாகப் பார்த்திருந்தால் மூன்றாவது மோதலில் கை தட்டத் தோன்றும்.

ஆயுதங்களின் உண்மையான வரலாற்றில் முத்துண்டுக் கம்பை யார் கண்டுபிடித்தார் என்பதெல்லாம் வேறு விவகாரம். படத்துக்கு வேண்டியது, அறைகளில் கற்றவன் இப்போது தானாக ஒன்றை யோசிக்கிறான் என்பது. அதுவரை கோயில் கேட்ட கேள்விக்கு விடை கண்டுபிடித்தவன், இங்கே கேள்வியையே தான் போடுகிறான்.

இதன் தொடர்ச்சிதான் தலைப்பில் இருக்கும் எண். ஜெயித்தவனிடம் எந்த அறை வேண்டும் என்று கேட்கிறார்கள். 36-ஆவது அறை வேண்டும் என்கிறான். அப்படி ஒன்று இல்லையே? வெளியே இருக்கும் சாதாரண மக்களுக்கு அடிப்படைப் பயிற்சி கொடுக்க ஒரு அறை, அதைத்தான் கேட்கிறேன் என்கிறான். கோயிலின் வித்தை வெளியே போகக் கூடாது என்பது சட்டம். கேட்டதே குற்றம். தண்டனையாக அவனைக் கோயிலை விட்டு வெளியே அனுப்புகிறார்கள், நன்கொடை வசூலித்துவர. தலைமைத் துறவி சட்டத்தையும் மீறவில்லை, பையனையும் தடுக்கவில்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் செய்யும் அந்தத் தந்திரம், படத்தின் மிக நுட்பமான நகைச்சுவை.

1978-இன் ஹாங்காங் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நகரம், அங்கே உட்கார்ந்து அந்நிய ஆட்சிக்கு எதிராகச் சாதாரணத் தொழிலாளிகளுக்கு வித்தை கற்றுத்தருவதைப் பற்றி ஒரு படம். அரசியலை இதற்கு மேல் இழுத்து நீட்ட வேண்டாம், லாவுக்கு அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பரம்பரைக்குள் பூட்டிவைத்த வித்தையைப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு நெருக்கமான விஷயம். அப்பாவிடம் கற்றதைச் சினிமா டிக்கெட் வாங்கியவன் எவனும் பார்க்கும்படி செய்தவர்தானே அவர். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் பையன்கள் தங்கள் ராப் இசைக்குழுவுக்கு ‘வூ-டாங் க்ளான்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, 1993-இல் தங்கள் முதல் ஆல்பத்துக்கு ‘36 சேம்பர்ஸ்’ என்ற பெயரையும் சேர்த்தார்கள். ‘மாஸ்டர் கில்லர்’ என்ற தலைப்போடு, ஆங்கில டப்பிங்கில் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது நம் ‘36த் சேம்பர்’. வறுமையில் வளர்ந்த பையன்களுக்குக் ‘கீழ் அறையில் தொடங்கு, ஒவ்வொன்றாகத் தேறு’ என்ற செய்தி ஏன் ஒட்டியது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் ஒரு தலைமுறைக்குக் கராத்தே படம் என்றால் ‘எண்டர் தி டிராகன்’ பெயரும் இந்தப் பெயரும்தான் முதலில் வாயில் வரும்.

குறைகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கடைசிப் பகுதி அவசர கோலம். கோயிலை விட்டு வந்ததும் ஊரில் ஆள் சேர்ப்பது, மாணவர்களை எடுப்பது எல்லாம் ஓட்டமாக ஓடுகிறது. ஒவ்வொருவரும் இன்னொரு படத்திலிருந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது மாதிரி இருக்கும். ஜெனரல் தியென் தாவாக வரும் லோ லியே, 1972-இல் ‘கிங் பாக்ஸர்’ படத்தின் கதாநாயகன், அமெரிக்காவில் குங்ஃபூ அலையைக் கிளப்பிய படம் அது. அப்பேர்ப்பட்ட நடிகருக்கு இங்கே முறைப்பதைத் தவிர பெரிய வேலை இல்லை. பெண்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. முதல் அரைமணி நேரம் பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் கடைசிச் சண்டைகளில் ஒரு விளையாட்டு விளையாடலாம்: எந்த அசைவு எந்த அறையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. மணிக்கட்டு, காலடி, கண், தலை என்று ஒவ்வொன்றும் வந்து கணக்கைத் தீர்க்கும்.

இந்தப் படம் பற்றிப் பேசினால் போதிதர்மர் பேச்சு வராமல் போகாது, அதனால் ஒரு வார்த்தை. படத்தின் கதைக்கும் அவருக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. அவர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது மரபுவழிச் செய்தி, 2011-இல் ‘7ஆம் அறிவு’ வந்தபின் நம்மிடையே உறுதியான உண்மை போலப் பரவிவிட்டது. அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல், 547 வாக்கில் எழுதப்பட்ட லுவோயாங் நகரக் கோயில்கள் பற்றியது, அவரை மேற்கிலிருந்து வந்த பாரசீகர் என்கிறது. பிந்தைய சீன மரபு தென்னிந்தியர் என்கிறது. அவர்தான் ஷாவோலின் சண்டைக் கலையைத் தந்தார் என்ற கதைக்கு அடிப்படை ‘யீ ஜின் ஜிங்’ என்ற நூல். அதை ஆய்வாளர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள், அதாவது அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது. ஷாவோலின் கோயில் 495-இல் அமைந்தது ஒரு இந்தியத் துறவிக்காக என்பது சரிதான், ஆனால் அவர் பெயர் பாதுவோ, போதிதர்மர் இல்லை.

எப்படிப் பார்ப்பது என்பது முக்கியம், ஏனென்றால் இந்தப் படத்தைக் கெட்ட பிரதியில் பார்த்துவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. ஷாஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் எடுத்த படம், அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. பழைய வீடியோ கேசட், டிவி பிரதிகள் இதைச் சதுரமான 1.33 திரைக்கு வெட்டியவை. கணக்குப் போட்டால் படத்தின் 43 சதவீதம் காணாமல் போகிறது. முகம் மட்டும் பேசும் படத்தில் இது தாங்கும். ஆறடி ஆயுதத்தோடு இருவர் எதிரெதிரே நிற்கும் படத்தில், அடிப்பவன் திரையில் இருக்க அடிபடுபவன் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். செலஸ்டியல் பிக்சர்ஸ் ஷா பிரதர்ஸ் படத் தொகுப்பை வாங்கி 2000-க்குப் பிறகு துப்புரவு செய்து வெளியிட்ட அகலத்திரைப் பிரதியையோ, அதிலிருந்து வந்த ப்ளூ-ரேயையோ தேடுங்கள். யூடியூபில் கிடைப்பவற்றில் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை நிற்கும் சதுரப் பிரதி என்றால் மூடிவிடுங்கள். மாண்டரின் ஒலியும் சப்டைட்டிலும் நல்ல தேர்வு. ஆங்கில டப்பிங்குக்கு ஒரு கேலியான இனிமை உண்டு, ஆனால் கோயில் காட்சிகளில் இருக்கும் அமைதியை அது கெடுத்துவிடும். முதல் தடவை பார்ப்பவர் இடையில் நிறுத்தாமல் கோயில் பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் பார்ப்பது நல்லது, அறைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நிற்கும் உணர்வு அப்போதுதான் வரும்.

பார்த்துவிட்டு வீட்டில் செய்து பார்க்கலாமா என்று சின்னப் பையன்கள் கட்டாயம் கேட்பார்கள். தலையால் மூட்டையை முட்டுவது கூடவே கூடாது. மூளை மண்டைக்குள் அசைந்து அடிபடுவதைப் பழக்கத்தால் தடுக்க முடியாது, ஒவ்வொரு முட்டும் சேர்ந்துகொண்டே போகும். கத்தி, நெருப்பு பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. வாளிப் பயிற்சியை அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டோடு செய்யலாம்: கையைத் தோள் உயரத்தில், முழங்கை பூட்டாமல், தோளைக் கீழே இறக்கி வைத்து 30 நொடி, ஓய்வு, மறுபடி. தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கினால் அன்றைக்கு அதுதான் எல்லை. படம் முழுக்க வரும் குதிரை நிலையையும் முயலலாம்: கால்கள் தோள் அகலத்துக்கு இரண்டு மடங்கு, முழங்கால் உள்ளே சாயாமல் கால்விரல் இருக்கும் திசையிலேயே, முதுகு நேராக. முழங்கால் உள்ளே மடிவதுதான் எல்லாருக்கும் வரும் தப்பு, வலி தொடையில் இருக்க வேண்டும், மூட்டில் வந்தால் நிறுத்திவிட வேண்டும். முத்துண்டுக் கம்பு ஆசை வந்தால் ரப்பர் போர்த்திய பயிற்சிக் கம்போடு, தெரிந்தவரிடம் மட்டும். வீசிய துண்டு எதிலாவது பட்டுத் திரும்பும்போது முதலில் சந்திப்பது வீசியவரின் முழங்கையையும் தலையின் பின்பக்கத்தையும்தான்.

பிடித்துப்போனால் அடுத்து எதைப் பார்ப்பது? அதே 1978-இல் லாவும் கோர்டன் லியுவும் சேர்ந்து செய்த ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’. சீனக் கணவனுக்கும் ஜப்பானிய மனைவிக்கும் ‘யார் கலை பெரிது’ என்று வீட்டுச் சண்டை, அது ஊர்ச் சண்டையாகி ஆயுதத்துக்கு ஆயுதம் ஒரு போட்டி. ஒரு உயிர்கூடப் போகாத குங்ஃபூ படம். நேரெதிரான மனநிலை வேண்டும் என்றால் 1984-இன் ‘எய்ட் டயக்ராம் போல் ஃபைட்டர்’, இருட்டும் கோபமும் நிறைந்த கம்புச் சண்டை. ‘கில் பில்’ இரண்டாம் பாகத்தில் வெள்ளைத் தாடியோடு வரும் கிழவன் பாய் மெய்யாக நடித்தவரும் கோர்டன் லியுதான். அதே பாய் மெய்யை 1977-இல் லாவ் இயக்கிய ‘எக்ஸிக்யூஷனர்ஸ் ஃப்ரம் ஷாவோலின்’ படத்தில் செய்தவர் லோ லியே, நம் ஜெனரல் தியென் தா.

தொடர்ச்சிப் படங்களில் 1985-இன் ‘டிசைப்பிள்ஸ் ஆஃப் தி 36த் சேம்பர்’ கட்டாயமில்லை. 1980-இன் ‘ரிட்டர்ன் டு தி 36த் சேம்பர்’ கட்டாயம் பார்க்கலாம். அதில் கோர்டன் லியு சான் தே இல்லை, சான் தேவாக வேஷம் போட்டு ஊரை ஏமாற்றும் ஒரு பிழைப்புக்காரன். குட்டு உடைந்தபின் கோயிலுக்குள் புகுந்துவிடுகிறான், அறைகளுக்குள் விட மறுத்துக் கோயிலைச் சுற்றிச் சாரம் கட்டும் வேலையில் போட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் மூங்கிலைத் தூக்கி, கயிற்றால் கட்டி, உயரத்தில் நடந்துகொண்டிருந்தவன், ஊருக்குத் திரும்பிச் சண்டை போடும்போதுதான் தான் கற்றது குங்ஃபூ என்று கண்டுகொள்கிறான்.